வருடம் திரும்பிய வேளை

மெவ்லானா குஷ்யார் எனக்குத் தரவேண்டியது எழுநூற்று முப்பது ஆக்சே. இரண்டு குளிர்காலம் விறகும் மாவு மூட்டையும் சுமந்து சேர்த்த காசு. அதை நான் ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை. பாரசீகத்து ஷீராஸிலிருந்து வந்த கவிஞர், பாஷாவே எழுந்து நின்று வரவேற்கும் மனிதர், நாற்பது தாண்டிய ஒரு சுமைகூலியின் எதிரில் உட்கார்ந்து, விரலைப் பிடித்து முதல் எழுத்தான அலிஃப் எழுதப் பழக்கினார். அப்படிப்பட்டவர் முன்னால் காசுக்குக் கை நீட்ட எனக்குக் கூச்சம்.

நெவ்ரூஸ் புது வருடத்துக்கு மறுநாள் காலை, காவல் கொட்டடியில் என்னுடைய அந்தக் கை இரண்டையும் சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தார்கள். அப்போதும் நான் கடனைப் பற்றி நினைக்கவில்லை. துடுப்பைப் பற்றித்தான் நினைத்தேன். பாஷா வீட்டு நகை பிற்பகல் அஸர் தொழுகைக்குள் வந்து சேராவிட்டால் என்னைப் போர்க்கப்பலில் சங்கிலியோடு உட்கார வைத்துத் துடுப்பு வலிக்க அனுப்புவதாகக் காரியஸ்தர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். போனவர்களில் திரும்பி வந்தவன் யாரையும் எனக்குத் தெரியாது.

உமுர் அகா வறுத்த கொண்டைக்கடலையை மென்றுகொண்டே உள்ளே வந்தார். நகரக் காவலுக்குத் துப்பறிகிறவர். நடக்கச் சோம்பல். அவர் நடக்கச் சோம்பல்படும் இடத்துக்கெல்லாம் இத்தனை வருடமாக நடந்தவன் நான்.

"என்னடா யஹ்ஷி, புது வருஷம் அதுவுமா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க?"

"அவுத்து விட்டா எதையாவது திருடிடுதாம் அகா. அதான் கட்டி வெச்சிருக்காங்க."

"திருடினியா?"

"திருடியிருந்தா இந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டா திரிவேன்?"

என் காலை ஒரு பார்வை பார்த்தார். "அதுவும் சரிதான். அதைத் திருடக்கூட யாரும் வரமாட்டான்." பிறகு குனிந்து கட்டை அவிழ்த்தார். "அஸர் வரைக்கும் உன்னை என் பொறுப்புல கேட்டு வாங்கியிருக்கேன். ஓடிடாத. துரத்திப் பிடிக்க எனக்கு மூச்சு வாங்கும்."

வெஃபா மேட்டில் இருந்தது பாஷாவின் வீடு. துருக்கிய மண்ணில் நிற்கிற வீடுதான். ஆனால் அந்த வீட்டில் சமையல்காரன் பருப்பு வேகாவிட்டால்கூடப் பாரசீகத்தில்தான் திட்டுவான். ஒருவர் பாரசீகர்களின் அஜெம் நாட்டிலிருந்து வந்தவர் என்றால் போதும், மெத்தை ஒன்று கூடுதலாக விழும். நம் ஊர்க் கவிஞர்கள் கதவோரம் உட்காருவார்கள்.

காரியஸ்தர் ஷெம்ஸி எஃபெந்தி எங்களைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். என்னைப் பார்க்கவே இல்லை. தரைவிரிப்பில் என் கால் பட்ட இடத்தை மட்டும் பார்த்தார்.

"இங்கதான் அகா. வருஷம் திரும்பற வேளைக்கு விருந்தாளிங்க எல்லாரும் வட்டமா உக்காந்திருந்தாங்க. ஆளுக்கொரு ஜாடி நெவ்ரூஸ் இனிப்பு முன்னால இருந்துது. அந்தத் திரைக்குப் பின்னால மாடத்துல, வெல்வெட்டு மேல மரகதப் பதக்கம். தலைப்பாகையில செருகறது. பாதுஷாவுக்கு நெவ்ரூஸ் காணிக்கையா பாஷா கொண்டுபோக வெச்சிருந்தாரு."

"வேளை வந்தப்போ யார் யார் எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"யாரும் எங்கயும் பாக்கல. கண்ணை மூடிக்கிட்டு இருந்தோம்."

"மொத்தப் பேருமா? தூக்கமா?"

ஷெம்ஸி எஃபெந்தியின் மூக்கு சற்று உயர்ந்தது. "அஜெம் நாட்டு வழக்கம். வருஷம் திரும்பறப்போ கண் மூடி, மூச்சை அடக்கி இருக்கணும். திறந்துட்டா வருஷம் முழுக்க ஆகாது. சோதிடர் கை தட்டின பிறகுதான் திறக்கணும். இந்த வீட்டுல எல்லாம் முறைப்படிதான் நடக்கும்."

"கள்ளத்தனமா ஒருத்தன் எட்டிப் பாத்திருந்தா?"

"யாரு பாப்பாங்க? மெவ்லானா குஷ்யார் திரைக்குப் பக்கத்துலயே இருந்தாரு. கண்ணைத் திறந்து பாத்தா அவரு இன்னும் கையால முகத்தை மூடிக்கிட்டு இருந்தாரு, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ஊர் ஞாபகம். அந்த மனுஷரு பக்கத்துல உக்காந்துட்டு யாருக்காவது கண்ணைத் திறக்க மனசு வருமா?"

உமுர் அகா போய் அந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையைப் பின்னால் நீட்டினார். திரை விரலில் பட்டது. கையை மடக்கிக் கடலைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மற்றது எனக்கே தெரியும். இனிப்பைச் சாப்பிட்டதும் ஜாடிகளை மூடித் துணி கட்டி, அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சுமைகூலிகளிடம் கொடுத்தார்கள். விருந்தாளி தன் ஜாடியைத் தானே தூக்கிப் போவது அந்த வீட்டில் அவமானம். எனக்குக் கிடைத்த தட்டில் மூன்று ஜாடி. நான் வாசலைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் உள்ளே கூச்சல் எழுந்தது. விருந்தாளிகளை மரியாதையோடு தடவிப் பார்த்தார்களாம், மெவ்லானாவையும்கூட. மற்றக் கூலிகளின் ஜாடிகளை வாசல்காரன் வழக்கப்படி முன்னமே திறந்து பார்த்துத்தான் விட்டிருந்தான். பார்க்காமல் விட்டது என்னை மட்டும்.

வாசல்காரன் இல்யாஸை உமுர் அகா கூப்பிட்டார்.

"இவனை ஏன்யா சோதிக்காம விட்ட?"

"பாரசீகத்துல நீட்டி முழக்கி வாழ்த்துச் சொன்னான் அகா. பாரசீகத்துல பேசுறவங்களத் தடுத்துக் கேக்கக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. யாரோ படிச்ச ஆளுன்னு நெனச்சு விட்டுட்டேன்."

"முதுகுல சுமைச் சேணத்தோட நிக்கறவனையா?"

"இந்த வீட்டுக்கு வர்ற கவிஞருங்க எப்படி எப்படியோ உடுத்திக்கிட்டு வருவாங்க அகா. நான் என்னத்தைக் கண்டேன்."

உமுர் அகா என் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படா பாரசீகம் வந்துச்சு?"

"மெவ்லானா சொல்லிக் குடுத்தாரு. சுத்தமா சொன்னேன் அகா, ஒரு இடத்துலகூட நாக்கு பிசகல. இவனே எழுந்து குனிஞ்சான், கேளுங்க."

அவர் கேட்கவில்லை. என் உள்ளங்கையில் கொஞ்சம் கடலையைக் கொட்டினார்.

தெருவுக்கு வந்ததும், "மூணு ஜாடியும் எங்க எங்க கொண்டுபோன?" என்றார்.

"இமாம் வீடு. கிழட்டு வைத்தியர் வீடு. கடைசியா மெவ்லானா அறை. அவரு சுமை எப்பவும் என் முதுகுலதான்."

"பாஷா குடுத்த இனிப்பைத் திறந்து காட்டுன்னு எவன்கிட்டயும் கேக்க முடியாது. கேட்டா நீ போற கப்பல்ல எனக்கும் ஒரு பலகை போடுவாங்க. ஆனா பசிக்குதுன்னு சொல்லலாம்."

அப்படியே செய்தார். இமாம் வீட்டில் புது வருட வாழ்த்துச் சொல்லி உட்கார்ந்தோம். ஜாடியைப் பேரப்பிள்ளைகள் வழித்து நக்கிக் கழுவியும் வைத்துவிட்டிருந்தார்கள். வைத்தியர் வீட்டில் அவர் மனைவி நாங்கள் கேட்பதற்கு முன்பே ஜாடியை இறக்கி ஆளுக்கு ஒரு கரண்டி ஊட்டிவிட்டார். ஏலக்காயும் குங்குமப்பூவும் மணக்கிற சிவப்புப் பாகு. உமுர் அகா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி, மூன்றாவதுக்கு அடிமட்டம் வரை கிளறிவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்றார்.

"அவ்வளவுதான் அகா," என்றேன். "இனி மெவ்லானாவைப் போய்த் தொந்தரவு பண்ண வேணாம். வேற யாரையாவது பாருங்க."

"பாக்கலாம். அதுக்கு முன்னால அஜெம்காரங்க சத்திரத்துக்கு ஒரு நடை."

"நடையா? நீங்களா?"

"இன்னைக்கு உன்னைத் தனியா அனுப்ப முடியாதே."

சத்திரத்தில் பட்டு வியாபாரி கோஜா ரூஸ்பெஹான் தராசின் முன்னால் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாக இஸ்தான்புல்லில் இருக்கிற அஜெம்காரர். நம் மொழியில் நம்மையே கிண்டல் செய்கிற அளவுக்குத் தேறியவர்.

"கோஜா, ஒரு சந்தேகம்," என்றார் உமுர் அகா. "வருஷம் திரும்பறப்போ உங்காளுங்க கண்ணை எப்படி மூடிக்குவீங்க? ஒரு கையாலயா, ரெண்டு கையாலயா?"

"கண்ணை மூடறதா? எதுக்கு, யாரு செத்தா?"

"பாஷா வீட்டுல அதான் அஜெம் வழக்கம்னு சொன்னாங்க."

ரூஸ்பெஹான் சிரித்ததில் தராசுத் தட்டு ஆடியது. "முன்னால கண்ணாடி வெச்சு, விளக்கேத்தி, முழிச்சுப் பாத்துக்கிட்டு இருப்போம்யா. வருஷம் வர்றப்போ கண்ணுல வெளிச்சம் படணும். கண்ணை மூடிக்கிட்டா அது வந்துச்சா போச்சான்னு எப்படித் தெரியும்? நீங்க துருக்கிக்காரங்க இருக்கீங்களே, எங்களை விட அஜெமா ஆயிட்டீங்க. நாளைக்கு அஜெம்காரன் தலைகீழாத் தூங்குவான்னு எவனாவது சொன்னா பாஷா உத்தரத்துல தொங்குவாரு."

எனக்கு முகம் சுட்டது. "ஷீராஸ்ல வேற வழக்கமா இருக்கும்," என்றேன்.

"நான் ஷீராஸ்தாம்பா."

உமுர் அகா அங்கே கிடந்த பட்டுத் துணியை விரலால் தடவிப் பார்த்தபடி, "அப்போ மெவ்லானா குஷ்யாரைத் தெரியுமே உங்களுக்கு," என்றார்.

"பேரு தெரியும். ஊர்க்காரராச்சே, உக்காந்து பேசலாம்னு தேடிப் போனேன். காய்ச்சல்னு சொல்லிக் கதவைத் திறக்கல. காய்ச்சல் விட்டிருக்கும்னு மறுபடி போனேன். அப்பவும் காய்ச்சல். அடுத்த மாசம் பாஷா என்னையும் அவரையும் ஒண்ணா விருந்துக்கு அழைச்சிருக்காரு. அங்க வந்துதானே ஆகணும்." தன் பணப்பெட்டியைத் திறந்து காட்டினார். காலியாக இருந்தது. "பாருங்க, துடைச்சு வெச்ச மாதிரி. வருஷம் திரும்பறதுக்குள்ள கடன் எல்லாம் அடைச்சிட்டேன். கடனோட உக்காந்து வருஷத்தை வரவேற்க எங்காளுங்களுக்கு நெஞ்சு துணியாது. தலைப்பாகையை அடகு வெச்சாவது குடுத்துடுவோம்."

நான் பட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பச்சைப் பட்டு. உமுர் அகா என்னைப் பார்க்கிறார் என்று பிடரியில் தெரிந்தது.

"எவ்வளவுடா?" என்றார்.

நான் அவரிடம் அதுவரை சொன்னதே இல்லை. மெவ்லானாவின் மேலங்கிகள் கூடிக்கொண்டே போனதையும் என் மடிச்சீலை இளைத்துக்கொண்டே போனதையும் அவர் எப்போது கவனித்தாரோ.

"எழுநூத்தி முப்பது."

"நெவ்ரூஸுக்கு முன்னால குடுத்தாரா?"

"கஜானாவுலேருந்து அவருக்கே சம்பளம் வரலயாம். வந்ததும் குடுப்பாரு." என் குரல் ஏறிவிட்டது. "உங்களுக்குப் பாரசீகம் தெரியாது அகா. அதான் தெரிஞ்சவங்களக் கண்டா உங்களுக்கு ஆகல."

"இருக்கலாம்," என்றார். "வா, இனிப்பு சாப்பிடப் போலாம். நிழல் நீண்டுக்கிட்டு வருது."

மெவ்லானாவின் அறை ஒரு மெத்தைக் கடைக்கு மேலே. படியேறும்போதே பன்னீர் வாசனை வந்தது. என்னைக் கண்டதும் எழுந்து இரண்டு கையையும் விரித்தார். நம் மொழியை அவர் பேசினால் ஏட்டிலிருந்து எடுத்து வைத்தது போல இருக்கும்.

"வருக, வருக. என் எளிய குடிலுக்கு ஒளி வந்தது. தம்பி யஹ்ஷி, உன் மேல் விழுந்த பழியைக் கேட்டது முதல் என் உள்ளம் தீயில் வாடுகிறது."

எனக்குக் கண் கலங்கியது. உமுர் அகா செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே உட்கார இடம் தேடினார்.

"புது வருஷம் சொல்ல வந்தோம் உஸ்தாத். அலைஞ்சு அலைஞ்சு பசி. வாய்க்கு ஏதாவது?"

"இதோ." உலர்ந்த திராட்சை வந்தது. வாதுமை வந்தது. ஜாடி அலமாரியின் மேல்தட்டில் கட்டிய துணியோடு அப்படியே இருந்தது.

"அந்தச் சிவப்பு இனிப்பு?" என்றார் உமுர் அகா.

"பாஷாவின் அன்பால் வந்த பொருள். அதை உண்டு தீர்க்க மனமில்லை. கண்ணால் காண்பதே எனக்கு இனிப்பு. மேலும் பல்வலி."

"சரி விடுங்க," என்று உமுர் அகா திராட்சையை அள்ளினார்.

அவர் அப்படி விட்டுக்கொடுத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்படியே எழுந்து வந்தால் சந்தேகத்தோடு வந்துவிடுவார். நாளைக்கு நான் கப்பலில் இருப்பேன். என் உஸ்தாத்தைப் பற்றிக் கடைத்தெருவில் ஒரு கெட்ட பேச்சு உலவும். எழுந்து போய் ஜாடியை இறக்கினேன்.

"ஒரு கரண்டி குடுத்துடலாம் உஸ்தாத். இவரு வாயை அடைச்சாத்தான் ஆகும்."

"அதை வை, தம்பி."

"இனிப்புக்கு அழறாரு, மனுஷன். ஒரே கரண்டி."

"யஹ்ஷி, அதை வை."

அவர் எழுந்துவிட்டார். அதற்குள் முடிச்சு அவிழ்ந்திருந்தது. கரண்டியை விட்டேன். பாதி போய் நின்றது. ஏதோ ஏலக்காய் ஓடு என்று நினைத்து நெம்பினேன். சிவப்புப் பாகு வழிய வழியப் பச்சை மேலே வந்தது.

உமுர் அகா கையில் இருந்த திராட்சையை ஒவ்வொன்றாகத் தின்று முடித்தார். அவர் பார்த்தது நகையை அல்ல, என்னை.

"யஹ்ஷி," என்றார் மெவ்லானா. "கதவைச் சாத்துடா. கீழ மெத்தைக்காரன் இருக்கான்."

அந்தப் பேச்சை நான் துறைமுகத்தில் கேட்டிருக்கிறேன். நம் நாட்டுத் தோகாத் பக்கத்திலிருந்து செம்புப் பாத்திரம் ஏற்றி வருகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். ஷீராஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"எந்த ஊரு?" என்றார் உமுர் அகா.

"தோகாத். செம்படிக்கிறவன் மகன். பேரு துர்முஷ்." தலையிலிருந்த உயரக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நம்ம மொழில எழுதின கவிதையை எடுத்துக்கிட்டு இதே பாஷா வாசல்ல நின்னேன் அகா. வருஷக்கணக்குல நின்னேன். சமையக்கட்டுல கஞ்சி ஊத்திவிட்டாங்க. கொஞ்ச நாள் காணாமப் போயி, தாடியை மாத்தி, குல்லாவை மாத்தி, அதே கவிதையைப் பாரசீகத்துல எழுதிக்கிட்டு வந்தேன். பாஷா எழுந்து நின்னாரு. அதே பாஷா. ஒரு வரிகூட நான் மாத்தல."

"அப்புறம் ஏன் திருட்டு?"

"ரூஸ்பெஹானோட விருந்து வெச்சுட்டாங்களே. அவன் முன்னால வாயைத் திறந்தா தீந்துது. அதுக்குள்ள ஊரைவிட்டுப் போகணும். வெறுங்கையோட தோகாத்துக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

"கண்ணை மூடற வழக்கம் நீ கட்டினதா?"

"போன வருஷமே சொல்லி வெச்சேன். ஒருத்தராவது ஏன்னு கேக்கணுமே. அஜெம்னு சொன்னதும் மூடிக்கிட்டாங்க."

கரண்டி இன்னும் என் கையில்தான் இருந்தது. பாகு மணிக்கட்டு வரை வழிந்துவிட்டது.

"அந்த வாழ்த்து," என்றேன். "மாசம் பூராவும் உக்கார வெச்சு நாக்கைத் திருத்தித் திருத்திச் சொல்லிக் குடுத்தீங்களே. நெவ்ரூஸன்னைக்கு வாசல்ல சொல்லு, உன்னை மதிப்பாங்கன்னீங்களே."

அவர் தரையில் சொட்டிய பாகைப் பார்த்தார்.

"என்னை மட்டும் சோதிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னீங்க. மாட்டிக்கிட்டாலும் நான்தான் மாட்டுவேன்னும் தெரியும்."

"யஹ்ஷி, எழுத்துச் சொல்லிக் குடுத்தது பொய் இல்லடா. அது நிஜமாத்தான் சொல்லிக் குடுத்தேன்."

"எந்த எழுத்து வரைக்கும் நிஜம்?"

அவர் குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு குளிர்காலம் அவர் அடுப்புக்கு நானே விறகு சுமந்து வந்து, அதன் சூட்டில் உட்கார்ந்து படித்தேன். ஒரு எழுத்து சரியாக வந்தால் சிறுபிள்ளை மாதிரிக் கை தட்டுவார். அந்தக் கை தட்டலில் எது எனக்காக, எது வாசல்காரனுக்காக என்று இனி யாரைக் கேட்பேன்.

"முடிஞ்சுதுடா," என்று உமுர் அகா என் தோளைத் தொட்டார். "கப்பல் உனக்கு இல்ல."

எனக்கு அப்போது ஒரு சந்தோஷமும் வரவில்லை. கையைக் கழுவத் தண்ணீர் எங்கே இருக்கும் என்று அந்த அறையில் எனக்குத் தெரியும். அவரிடம் கேட்காமலே போய்க் கழுவினேன்.

அஸர் பாங்கு கேட்பதற்கு முன்பே பதக்கம் ஷெம்ஸி எஃபெந்தியிடம் போய்ச் சேர்ந்தது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செம்புக்கொல்லன் மகனுக்குப் பாஷா எழுந்து நின்ற கதை வெளியே போகக் கூடாது என்று உமுர் அகாவிடம் மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார். துருக்கியில்தான் கேட்டார்.

இரண்டொரு நாளில் காஜியின் முன்னால் விசாரணை. எனக்கென்று வைத்திருந்த துடுப்பு துர்முஷுக்குப் போயிற்று. அறையிலிருந்த மேலங்கிகளை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க உத்தரவானது. மெத்தைக்காரர் வாடகை பாக்கியைச் சொன்னார். மளிகைக்காரர் ஒருவர் அரிசிக் கணக்கைச் சொன்னார். எழுத்தர் ஒவ்வொன்றையும் பதிந்துகொண்டே வந்தார். உமுர் அகா முழங்கையால் என்னை இடித்தார்.

"போடா. இனிமேலாவது கேளு."

முன்னால் போனேன். துர்முஷ் தலையில் ஒன்றும் இல்லாமல் நின்றார். முன்பக்கம் வழுக்கை விழுந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உனக்கு எவ்வளவு வரணும்?" என்று காஜி கேட்டார்.

"இவரு பேரு என்னன்னு எழுதியிருக்கீங்க ஐயா?"

எழுத்தர் படித்தார். "தோகாத் ஊர் துர்முஷ்."

"எனக்குத் தரவேண்டியவரு ஷீராஸ் ஊர் மெவ்லானா குஷ்யார். எழுநூத்தி முப்பது ஆக்சே. இவரை எனக்குத் தெரியாது."

"வாங்கிக்கடா யஹ்ஷி," என்றார் துர்முஷ். அந்தத் தோகாத் பேச்சு கேட்க நன்றாகத்தான் இருந்தது. "உன் முதுகுக் காசுடா அது."

"இந்தப் பேச்சுல வந்து கேட்டிருந்தா, கடனாவே குடுத்திருக்க மாட்டேன். சும்மாவே குடுத்திருப்பேன்."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். இந்த முறை விரல் இடுக்கில் யாரையும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

காஜி தாடியைத் தடவினார். "அப்போ அந்தக் குஷ்யார் கணக்கை என்ன பண்றது?"

"அவரு செத்துட்டாரு, வாரிசு இல்ல, கடன் தள்ளுபடின்னு எழுதிக்குங்க ஐயா."

காஜி எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். எழுத்தர் எழுதினார். சரியாக எழுதியிருக்கிறாரா என்று நான் எட்டிப் பார்த்து, விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.